கேம் விமர்சனத்தில் ஆடுபவரின் அனுபவத்தை எழுதுவது எப்படி?

சத்துவாச்சாரி_நிலா:

எல்லாருக்கும் வணக்கம். தமிழில் வீடியோ கேம் விமர்சனம் எழுதத் தொடங்கப் போகிறேன். கிராபிக்ஸுக்கு இவ்வளவு, சவுண்டுக்கு இவ்வளவு என்று பிரித்து மார்க் போடும் எழுத்து ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆடும்போது ஆடுகிறவருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் என் ஆர்வம். எங்கே பயம் வந்தது, எங்கே சலித்தது, எந்த இடத்தில் நிறுத்தவே மனசு வரவில்லை என்பதை நடுவில் வைத்து எழுத வேண்டும்.

சில சந்தேகங்கள். ஆடிக்கொண்டே குறிப்பு எடுப்பது எப்படி? எழுதுவதற்காக அடிக்கடி நிறுத்தினால் அனுபவமே அறுந்துவிடாதா? எத்தனை மணி நேரம் ஆடிய பிறகு எழுதலாம்? "நான்" எந்த அளவுக்கு வரலாம்? எல்லாவற்றுக்கும் மேலாக, என் அனுபவம் படிக்கிறவருக்கு எதற்கு?

கையில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் சிப் போட்ட லேப்டாப் ஒன்று, 6 ஜிபி ராம் உள்ள ஆண்ட்ராய்டு போன் ஒன்று. எழுத நினைப்பவை: முதலில் வெண்பா என்ற சமையல் கேம், அப்புறம் நிலத்தடி உலகில் சுற்றிச் சண்டை போடும் ஹாலோ நைட், போனில் பிஜிஎம்ஐ என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைக் கேம். வேலூர்ப் பக்கத்து ஆட்கள் இருந்தால் இந்த ஊர் வெயிலில், இந்தக் கரண்டில் கேமைச் சோதிப்பது பற்றியும் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

நிலா, கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

"பயமாக இருந்தது" என்று எழுதினால் அது உங்களைப் பற்றிய செய்தி. "டார்ச் வெளிச்சம் நாலடி தாண்டவில்லை, காலடிச் சத்தமோ அதற்கு அப்பாலிருந்து வந்தது, அதனால் பயமாக இருந்தது" என்று எழுதினால் அந்தக் கேமைப் பற்றிய செய்தி ஆகிவிடுகிறது. படிக்கிறவர் உடனே தனக்குப் பொருத்திப் பார்ப்பார். இருட்டும் சத்தமும் தனக்கு ஒத்துவருமா வராதா என்று அவரே முடிவு செய்துகொள்வார். ஆக, உணர்ச்சியை எழுதும்போதெல்லாம் அதை உண்டாக்கிய விதி, பட்டன், சத்தம், தூரம், நேரம் எது என்று தேடிப் பிடித்துப் பக்கத்திலேயே வையுங்கள். இந்த வகை விமர்சனத்தில் வேலை முக்கால்வாசி இந்தத் தேடல்தான்.

நீங்கள் எடுத்திருக்கும் ஹாலோ நைட்டையே பாருங்கள். "செத்துச் செத்து எரிச்சல் வந்தது" என்று ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். எரிச்சல் எங்கிருந்து வருகிறது? செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுகிறோம். சேர்த்து வைத்த ஜியோ, அதாவது கேமுக்குள் உள்ள காசு, முழுவதும் செத்த இடத்தில் நிழலுருவமாக நிற்கிறது. அதைப் போய் அடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். போகும் வழியில் இன்னொரு முறை செத்தால் மொத்தமும் போச்சு. அப்படியென்றால் எரிச்சலின் அளவு மூன்று விஷயத்தைப் பொறுத்தது: பெஞ்சுக்கும் செத்த இடத்துக்கும் உள்ள தூரம், கையில் இருந்த ஜியோ, வழியில் உள்ள எதிரிகள். மூன்றையும் குறித்துக்கொண்டால் "எரிச்சல்" என்ற சொல்லே இல்லாமல் அதைக் கொண்டுவந்துவிடலாம்.

2018-ல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் கேமை இதோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அதிலும் சாவு நூற்றுக்கணக்கில். ஆனால் பெரும்பாலும் ஒரு திரை அளவுள்ள அறை, செத்த கணமே அதே அறையின் வாசலில் திரும்ப நிற்கிறோம், இழப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் அங்கே சாவு பிடிவாதமாக மாறுகிறது. இரண்டையும் "கடினமான கேம்" என்ற ஒரே பெயரில் அடைத்தால் வாசகர் ஏமாந்துபோவார்.

இனி குறிப்பு. ஒரு சாதா நோட்டில் பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் எந்த இடம், ஆட ஆரம்பித்து எத்தனையாவது நிமிடம். இரண்டாவதில் திரையில் என்ன நடந்தது, என் கையும் உடம்பும் என்ன செய்தன. மூன்றாவது காலியாக இருக்கட்டும். அது "ஏன்" என்பதற்கான இடம், ஆடும்போது அதைத் தொடக்கூடாது. காரணத்தையும் அப்போதே யோசித்தால் ஆட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். அனுபவம் அறுவது எழுதுவதால் இல்லை, யோசிப்பதால்தான்.

நிறுத்தும் இடத்தைக் கேமே கொடுக்கும். லோடிங் திரை, சேவ் செய்யும் இடம், செத்த பிறகு வரும் இடைவெளி, ஹாலோ நைட்டில் பெஞ்ச். அங்கே மட்டும் எழுதுங்கள். ஐந்தாறு சொல் போதும்: "32 நிமி, பச்சைப் பகுதி, வழி தெரியவில்லை, ஒரே சுவரை மூன்று தடவை அடித்தேன்". உடம்பைக் குறிப்பது முக்கியம். மூச்சைப் பிடித்தது, நாற்காலியில் முன்னே நகர்ந்தது, போனை எடுத்துப் பார்த்தது. போனை எடுத்த நிமிடத்தைக் குறித்தால் சலிப்பு எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும். மனசு பிற்பாடு கதையை மாற்றிச் சொல்லும், இந்தக் குறிப்பு மாற்றாது.

ஆடி முடித்ததும், வாட்ஸ்அப்பைத் திறக்கும் முன், பத்து நிமிடம் ஒதுக்கி நினைவில் இருப்பதை எழுதுங்கள். மூன்றாவது பத்தி மறுநாள் காலையில். அப்போது ஒரு வரிக்கும் காரணம் தோன்றவில்லையென்றால் அதே இடத்தைத் திரும்ப ஆடி, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். பயமுறுத்திய அறையில் சத்தத்தை அணைத்து நடந்து பாருங்கள். பயம் போய்விட்டதென்றால் அதைச் செய்தது ஒலிதான். போகவில்லையென்றால் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

முதல் ஒரு மணி நேரக் குறிப்புகள்தான் இருப்பதிலேயே விலை அதிகம், ஏனென்றால் அந்த அறியாமை திரும்பக் கிடைக்காது. எந்தப் பட்டன் குழப்பியது, எதைச் சொல்லிக்கொடுத்தார்கள், எதை நாமாகக் கண்டுபிடிக்க விட்டார்கள் என்பதெல்லாம் பத்தாவது மணி நேரத்தில் மறந்தே போகும். ஆரம்பிக்கும் முன்பே மூன்று வரி எழுதி வையுங்கள்: இந்தக் கேமைப் பற்றி முன்பே என்ன தெரியும், என்ன எதிர்பார்க்கிறேன், இதே வகையில் வேறு எதை ஆடியிருக்கிறேன். ஏமாற்றம் என்று பிற்பாடு எழுதும்போது, எதிர்பார்ப்பு யாருடையது என்று இந்த மூன்று வரி காட்டிக்கொடுக்கும்.

காட்பாடி_ஜங்ஷன்:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. கருவி பக்கம் நான் சொல்றேன். நம்ம ஊர்ல இதைச் சேர்க்காம "அனுபவம்"னு எழுதினா பாதி கேமோடதா, பாதி மே மாசத்தோடதான்னு யாருக்கும் புரியாது.

முதல்ல வெயில். ஆப்பிள் தன் ஐபோனுக்கு சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைன்னுதான் வரம்பு போட்டிருக்கு. ஆண்ட்ராய்டுக்கும் நிலைமை பெரிசா மாறாது. வேலூர்ல கத்திரியில 40 தாண்டுறது சாதாரணம். சூடு ஏறினா போன் தானாவே பிராசஸர் வேகத்தைக் குறைக்கும், திரை வெளிச்சத்தையும் குறைக்கும். பிஜிஎம்ஐயில கிராபிக்ஸ் 'ஸ்மூத்' வெச்சு, ஃபிரேம் 'எக்ஸ்ட்ரீம்' வெச்சா 60 எஃப்பிஎஸ், செகண்டுக்கு 60 படம். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். சூட்டுல அது 30-க்கு இறங்கினா 33.3. துப்பாக்கியைத் திருப்பும்போது கை ஒட்டுற மாதிரி இருக்கும். தெரியாதவங்க "கன்ட்ரோல் மோசம்"னு எழுதிடுவாங்க. கேம் மேல தப்பு இருக்காது.

அதனால போன் கேமை ரெண்டு வேளை ஆடிப் பாருங்க. விடியற்காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. ரெண்டுக்கும் ஒரே செட்டிங், ஒரே மேப், பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல. பின்பக்கக் கவரைக் கழட்டிடுங்க. சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க, சார்ஜரே தனியா சூடு ஏத்தும். ரெண்டு வேளையும் வித்தியாசம் தெரிஞ்சா விமர்சனத்துல ஒரு வரி போடுங்க: "மதியம், ஃபேன் மட்டும் உள்ள அறையில், இருபது நிமிடத்துக்குப் பிறகு தடுமாறியது." நம்ம பக்கத்து வாசகருக்கு அந்த ஒரு வரி ரொம்ப உதவும்.

லேப்டாப்புல கரண்ட் போச்சுன்னா ஆட்டம் நிக்காது, ஆனா பேட்டரிக்கு மாறின கணமே கிராபிக்ஸ் சிப்புக்குப் போற சக்தி குறையும். ஃபிரேம் சரிஞ்சிடும். மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்துற நாள் பேப்பர்ல வந்துடும். அன்னிக்கு சோதனை வேணாம், நோட்டுல இருக்கிறதை எழுதுற வேலை பாருங்க. எதிர்பாராம போச்சுன்னா அந்த நிமிஷத்தைக் குறிச்சு வெச்சு, அதுக்கப்புறம் தோணினதைக் கணக்குல எடுக்காதீங்க. மேசைக் கம்ப்யூட்டர்னா யூபிஎஸ் இல்லாம தொடாதீங்க. சேவ் ஃபைல் எழுதிட்டு இருக்கும்போது அணைஞ்சா அது கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு.

பதிவு பண்றதுக்கு, கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் ஆப்புக்குள்ளயே ரெக்கார்டிங் வசதி 2024-ல வந்துடுச்சு. பின்னணியில ஓடிக்கிட்டே இருக்கும், முக்கியமான இடத்துல ஒரு பட்டனை அழுத்தி அடையாளம் வைக்கலாம். நோட்டுல "41 நிமி"ன்னு இருந்தா நேரா அங்க போயிடலாம். செகண்டுக்கு 12 மெகாபிட் தரம்னா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 5.4 ஜிபி ஆகும், டிஸ்க்ல இடம் பாத்துக்குங்க. 1650-ல வீடியோ பதிவுக்குத் தனிச் சில்லுப் பகுதி இருக்கிறதால கேம் பெரிசா மெதுவாகாது. போன்ல அப்படி இல்லை. 6 ஜிபி போன்ல ஸ்கிரீன் ரெக்கார்ட் போட்டு ஆடினா கேமும் தடுமாறும், சூடும் ஏறும். பதிவுக்குன்னு ஒரு மேட்ச், அனுபவத்துக்குன்னு வேற மேட்ச்னு பிரிச்சுக்குங்க.

காது விஷயம் நிறையப் பேர் விட்டுடுறாங்க. பிஜிஎம்ஐயில காலடி எந்தப் பக்கம்னு கேட்டுத்தான் பாதி சண்டை. அடியில ஒரே ஸ்பீக்கர் உள்ள போன்ல திசையே தெரியாது. சாதாரண புளூடூத் இயர்போன்ல சத்தம் 100 மில்லி செகண்டுக்கும் மேல தாமதமா வரும். வயர் உள்ள இயர்போன் போட்டு ஆடுங்க, எதுல கேட்டீங்கன்னும் எழுதுங்க. ஆன்லைன் கேம்னா பிங் எண்ணை, அதாவது சர்வருக்குப் போய்வர ஆகுற நேரத்தை, மேட்ச் தொடங்கும்போதும் முடியும்போதும் குறிச்சுக்குங்க, வைஃபையா மொபைல் டேட்டாவான்னும் சேர்த்து. சுவரைத் தாண்டி ஒளிஞ்ச பிறகும் குண்டு பட்டா பெரும்பாலும் அது பிங் பண்ற வேலை.

இந்த விவரம் எல்லாத்தையும் விமர்சனத்துக்குள்ள கொட்டாதீங்க. முடிவுல ரெண்டு வரிப் பெட்டி போதும்: எந்தக் கருவி, எந்த செட்டிங், எந்த வெர்ஷன், எத்தனை மணி நேரம், எந்த இயர்போன்.

குடியாத்தம்_தறி:

"நான்" பற்றிக் கேட்டீர்களே நிலா, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இந்த வகை எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2004-ல் கீரோன் கில்லன் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் கேம் எழுத்து பயணக் கட்டுரை மாதிரி இருக்கலாம், இல்லாத ஊருக்குப் போய்வந்து அங்கே என்ன நேர்ந்தது என்று சொல்லலாம் என்று வாதாடினார். கேமின் மதிப்பு டிஸ்கில் இல்லை, ஆடுகிறவரிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு நல்ல கட்டுரைகளும் வந்தன, கேமே கண்ணில் படாத நாட்குறிப்புகளும் வந்தன. பயணக் கட்டுரையில் ஊர் இருக்க வேண்டும். எழுதியவரின் காய்ச்சலும் தலைவலியும் மட்டும் இருந்தால் யாரும் அந்த ஊருக்குப் போக மாட்டார்கள்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். எழுதிய பத்தியிலிருந்து கேமின் பெயரை எடுத்துவிட்டு வேறு கேமின் பெயரைப் போடுங்கள். அப்போதும் பத்தி பொருந்தினால் அதில் கேம் இல்லை. இதைப் பாருங்கள்:

"இந்த உலகத்துக்குள் நுழைந்ததும் வழி தெரியாமல் தவித்தேன். தனிமை என்னைச் சூழ்ந்தது. சின்ன வயதில் மயானக்கொள்ளைக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்ட நாள் நினைவுக்கு வந்தது."

எந்தக் கேமுக்கும் ஒட்டிவிடலாம். நினைவு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கேம் கிளப்பியதற்கான சாட்சி எதுவும் இல்லை. அதே ஹாலோ நைட்டை இப்படி எழுதலாம்:

"புதிய பகுதிக்குள் போனதும் வரைபடம் வெற்றாகிவிடுகிறது. அதை விற்கும் கார்னிஃபர் எங்கோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவர் முனகும் ராகமும், வழியில் சிதறிக் கிடக்கும் தாள்களும்தான் துப்பு. அந்த முனகல் காதில் விழும்வரை ஒவ்வொரு அறையையும் நினைவில் வைத்தே நடக்கிறேன். வரைபடம் கிடைத்த பிறகும் நான் நிற்கும் இடத்தை அது காட்டாது. திசைகாட்டித் தாயத்தை மாட்டினால்தான் காட்டும். மாட்டினால் சண்டைக்கு உதவும் வேறொரு தாயத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது. தொலைந்துபோகாமல் இருப்பதற்கும் இங்கே விலை உண்டு."

இரண்டாவதிலும் "நான்" இருக்கிறது. ஆனால் எங்கே நிற்கிறது பாருங்கள்: நினைவில் வைத்து நடக்கிற இடத்தில். கேமுக்குள் ஒரு வேலை செய்யும்போது மட்டும் "நான்" வரட்டும். "நான் நினைக்கிறேன்", "என்னைப் பொறுத்தவரை", "என் கருத்தில்" மூன்றையும் எடுத்துவிடுங்கள். விமர்சனம் உங்களுடையது என்று வாசகருக்குத் தெரியும். வாசகரை இழுத்துக்கொண்டு "நீங்கள் உணர்வீர்கள்" என்று எழுதுவதும் வேண்டாம். அவர் என்ன உணர்வார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "நாம்" என்பதும் அப்படித்தான், கேமின் விதியைச் சொல்லும்போது சரி, உணர்ச்சியைச் சொல்லும்போது சரியில்லை.

ஆடுகிறவர் யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், ஆனால் அந்தக் கேமுக்குத் தேவையான அளவுக்கு மட்டும். சண்டைக் கேம் என்றால் அந்த வகையில் பழக்கம் உண்டா, கன்ட்ரோலரா கீபோர்டா, எந்தக் கடின நிலை. செலஸ்டில் உதவி நிலையைப் போட்டு வேகத்தைக் குறைத்து ஆடியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பாதி வேகத்தில் ஆடுகிறவருக்கும் அந்த மலை மலைதான், ஆனால் வேறு மலை.

வெண்பாவில் இந்த ஒரு வரிக்கு இன்னும் எடை அதிகம். 1988-ல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மாவின் பழைய சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விட்டுப்போன படியை யூகித்துச் சமைப்பதுதான் புதிர். முதல் சமையலே இட்லி. நம் வீட்டில் வளர்ந்தவருக்கு இட்லிப் பாத்திரத்தை அடுக்குவது புதிரே இல்லை, கை தானாகப் போகும். வேறு நாட்டில் ஆடுகிறவர் அழிந்த குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்த மகிழ்ச்சியை நீங்கள் அடைய மாட்டீர்கள். உங்களுக்குக் கிடைப்பது வேறு மகிழ்ச்சி: தெரிந்ததைத் திரையில் பார்க்கிற மகிழ்ச்சி. இரண்டையும் குழப்பி "புதிர்கள் எளிது" என்று எழுதினால் தவறான தகவல் ஆகிவிடும். "சமையல் தெரிந்தவருக்கு எளிது" என்று எழுதினால் சரியான தகவல்.

இதைச் சரிபார்க்க வேலூரில் ஒரு வசதி இருக்கிறது. விஐடிக்கும் சிஎம்சிக்கும் வெளிமாநிலத்திலிருந்து படிக்க வந்தவர்கள் ஊர் நிறைய. இட்லியைத் தட்டில் மட்டும் பார்த்த ஒருவரை உட்கார வைத்து முதல் சமையலை ஆடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, கையால் காட்டவும் கூடாது. அவர் எங்கே தயங்கினார், நோட்டை எத்தனை தடவை திறந்தார், தப்பாகச் செய்தபோது கேம் எப்படித் திருத்தியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய அனுபவத்தை உங்களுடையதாக எழுத வேண்டாம். "முன்பின் சமைக்காதவர் ஆடும்போது" என்று தனியாக ஒரு பத்தி போதும். பெயர் போட வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் எழுதப் போகிறேன் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆற்காடு_மக்கன்பேடா:

எத்தனை மணி நேரம் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. வகைக்கு வகை மாறும்.

கதையுள்ள சின்னக் கேமை முடிக்காமல் எழுதக் கூடாது. பெரிய கேமில் முடிப்பது கட்டாயம் இல்லை, ஆனால் எங்கே நிறுத்தினீர்கள், எதனால் நிறுத்தினீர்கள் என்று சொல்ல வேண்டும். பாதியில் விட்டதும் ஒரு அனுபவம்தான், அதை மறைத்தால்தான் தவறு. பாதாளத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் ஹேடிஸ் மாதிரி திரும்பத் திரும்ப ஆடுகிற வகையில் ஒரு தடவை தப்பித்துவிட்டு எழுதினால் கதை புரியாது. அதில் பத்து முறை தப்பித்த பிறகுதான் கதை முடிவுக்கு வருகிறது. அத்தனை ஆட முடியாவிட்டாலும், கை பழகிய பிறகு அதே அறைகள் எப்படித் தெரிகின்றன என்று எழுதும் அளவுக்காவது ஆடுங்கள்.

பிஜிஎம்ஐயில் ஜாக்கிரதை. தொடக்க நிலைகளில் எதிரே வருவதில் நிறைய பாட்கள், அதாவது கேமே ஓட்டும் போலி ஆட்கள். முதல் சில மேட்சில் ஜெயித்துவிட்டு "எளிதாக இருக்கிறது, உற்சாகமாக இருக்கிறது" என்று எழுதினால் அது கேம் உங்களை உள்ளே இழுக்க வைத்த ஏற்பாட்டைப் பற்றிய பாராட்டு. ரேங்க் ஏறி, நிஜ ஆட்கள் வந்து, தோற்க ஆரம்பித்த பிறகு எழுதுங்கள். தனியாக ஆடியது, தெரிந்தவர்களோடு மைக்கில் பேசிக்கொண்டு ஆடியது, முகம் தெரியாத மூவரோடு ஆடியது, இவை தனித்தனி அனுபவங்கள். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லக் கூடாது. அப்டேட் வந்தால் துப்பாக்கி பலம் மாறும், அதனால் தேதியும் வெர்ஷனும் கட்டாயம்.

காசு கேட்கும் இலவசக் கேம்களில் முதல் நாளிலேயே பரிசு மழை பொழியும். அது ஓய்ந்த பிறகு ஆட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும்வரை பொறுங்கள். எத்தனை ரூபாய் போட்டீர்கள் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். ஒன்றும் போடவில்லையென்றால் அதையும். வாங்கச் சொல்லி எந்தத் திரை எந்த நேரத்தில் வந்தது என்பதும் அனுபவத்தில் சேர்ந்ததுதான். தோற்ற உடனே வருகிறதா, ஜெயித்த உடனே வருகிறதா என்று கவனியுங்கள்.

கேமை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தால் விமர்சனத்தின் தலையிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் பொருள்களைப் பரிந்துரைப்பவர்கள் இலவசமாக வாங்கியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. கடைசியில் சின்ன எழுத்தில் போடுவது போதாது. குறிப்பிட்ட தேதிவரை வெளியிடாதே என்ற நிபந்தனை சகஜம், ஏற்கலாம். இந்தப் பகுதியைப் பற்றி மட்டும் எழுது, குறையை எழுதாதே என்று நிபந்தனை வந்தால் அந்தக் கேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசு கொடுத்து வாங்குங்கள்.

ஸ்கோர் விஷயத்தில் மற்றவர்களோடு எனக்கு வேறுபாடு வரலாம். பத்துக்கு எட்டு வேண்டாம், சரி. ஆனால் படித்து முடித்தவர் "வாங்கலாமா?" என்று கேட்பார், அவருக்கு ஒரு பதில் இல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை. யார் வாங்கலாம், யார் விலை குறையும்வரை காத்திருக்கலாம், யார் தொடவே வேண்டாம் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் விமர்சனத்துக்குள் ஏற்கெனவே சொன்ன காரணம் ஒன்று இருக்கட்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு மணி நேரத்தில் கேம் தன் உண்மை முகத்தைக் காட்டுகிறதா என்று சொன்னால் வாசகருக்கு நேரடியான உதவி.

சத்துவாச்சாரி_நிலா:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. மூன்று பத்தி நோட்டு இன்றைக்கே தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். வெண்பா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். அவ்வளவு சின்னக் கேமில் கதையைச் சொல்லாமல் அனுபவத்தை எழுத முடியுமா? விமர்சனம் எத்தனை சொல் இருக்கலாம்?

குடியாத்தம்_தறி:

முடியும். என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள். முதல் இரண்டு சமையல்வரை தாராளமாகச் சொல்லலாம், எல்லாரும் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். அதற்குப் பிறகு கதைத் திருப்பங்களைத் தொடாமல், நோட்டின் நிலை எப்படி மாறுகிறது, ரேடியோவில் எந்தக் காலத்துச் சினிமா இசைப் பாணி வருகிறது, சமைக்கும் வேகம் எங்கே மெதுவாகிறது என்பதை வைத்துக் காலம் நகர்வதைக் காட்டிவிடலாம். முடிவைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் கடைசிப் பத்திக்கு மேலே "முடித்தவர்களுக்கு மட்டும்" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டுப் பிரித்துவிடுங்கள். தலைப்பிலும் முகப்புப் படத்திலும் கதை கசியக் கூடாது, நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஒன்றரை மணி நேரக் கேமுக்கு 600 முதல் 800 சொல் போதும். ஹாலோ நைட்டுக்கு 1200 வரை போகலாம். ஒரு விமர்சனத்தில் மூன்று இடங்களுக்கு மேல் விரிவாக எழுத வேண்டாம். நோட்டில் நாற்பது வரி இருக்கும், அதில் ஒன்றோடொன்று தொடர்புள்ள மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:

ஸ்கிரீன்ஷாட் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்டீம்ல எஃப் 12 அழுத்தினா படம் எடுக்கும். நீங்க விரிவா எழுதுற அந்த மூணு இடத்துக்கு மட்டும் ஒவ்வொரு படம் வெச்சா போதும். கடைக்காரங்க குடுக்குற விளம்பரப் படத்தைப் போடாதீங்க, அது உங்க செட்டிங்ல எடுத்தது இல்லை. படத்துக்குக் கீழ எத்தனையாவது நிமிஷம்னு எழுதிடுங்க. எழுதி முடிச்சதும் கேமே ஆடாத ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டி, "இதுல ஆடுறவர் என்ன வேலை செய்யறார்?"னு ஒரே கேள்வி கேளுங்க. அவர் சொல்லத் தடுமாறினா எந்தப் பத்தியில தடுமாறினார்னு குறிச்சு, அதை மட்டும் திரும்ப எழுதுங்க.